இரண்டு கணக்கிலும் பூக்கும் வருஷம்

என் அப்பா சுப்புராயன் பன்னிரண்டு வருடமாக என் தாய்மாமன் தங்கதுரையோடு பேசவில்லை. சொத்துத் தகராறு இல்லை, வரப்புத் தகராறு இல்லை, குடித்துவிட்டுப் போட்ட சண்டையும் இல்லை. ஒரு நீலப் பூதான் காரணம். சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் வெளியாட்களிடம் "ஏதோ மனஸ்தாபம்" என்று பூசி மெழுகிவிடுவோம்.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. தீபாவளிக்கு மறுநாள், மிச்சக் கறியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, சொந்தபந்தம் பத்துப் பேர் மாமாவின் குட்டியானை வண்டியில் ஏறிக் கரியாலூர் அருவிக்குப் போனோம். கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கை ஏற்றிவந்து கீழே ஆலையில் இறக்குவதுதான் மாமாவுக்குத் தொழில். அன்றைக்குக் கிழங்குக்குப் பதிலாக நாங்கள். அருவிக்குப் போகும் பாதையில் ஒரு சரிவு முழுக்க நீலமாகப் பூத்திருந்தது. இடுப்பு உயரப் புதர்கள், ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகக் குட்டிக் குட்டி மணிகள். அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் அந்த நிமிடம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"இதான் குறிஞ்சி. பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்காதான் பூக்கும். எல்லாரும் நல்லா பாத்துக்குங்க."

எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மாமாவுக்கு அந்த வித்தை தெரியாது. இது வருஷா வருஷம் பூக்கிறது, போன வருடம் கிழங்கு ஏற்ற வந்தபோதும் பார்த்தேன் என்றார். அப்பா இல்லை என்றார். மாமா ஆமாம் என்றார். கடைசியில் மாமா, தனக்கு மாமா முறையான அப்பாவைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, "மாமாவுக்குக் கரும்பத் தவுர வேற ஒரு பயிரும் தெரியாது" என்றார். பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள்.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய குற்றம் என்று புரியும். எங்கள் கச்சிராயபாளையத்தில் யார் வயலில் இலை மஞ்சளித்தாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். தோகையைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். பயிர் பச்சை விஷயத்தில் அவரிடம் எதிர்த்துப் பேசியவர்கள் குறைவு. அதிலும் பெண் கொடுத்த வீட்டுப் பையன், வண்டி ஓட்டுகிறவன், பத்துப் பேர் முன்னால்.

"என் கரும்பு மேல சத்தியம். இந்தச் செடி மறுபடி பூக்கிற வரைக்கும் உங்கூட ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்றார் அப்பா.

"அப்ப அடுத்த தீபாவளிக்குப் பேசிடுவீங்க" என்றார் மாமா.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது அந்த ஒரு வரிதான். அப்பா அருவியும் பார்க்கவில்லை, கறியும் சாப்பிடவில்லை. கரியாலூர் வரை நடந்து போய், பஸ் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த வருடம் தீபாவளி கழித்து மாமா அம்மாவுக்குப் போன் செய்தார். பூத்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவிடு அக்கா என்றார். அம்மா சொன்னாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, பன்னிரண்டு வருடம் ஆகவில்லையே, பின்னே எப்படிப் பூக்கும் என்று கேட்டார். அதற்கடுத்த வருடம் மாமா போனில் படம் பிடித்து அனுப்பினார். அது எங்கேயோ ஊட்டியில் எடுத்தது என்றார் அப்பா. நாலாவது வருடம் மாமா ஒரு கிளையையே ஒடித்து, வாழையிலையில் சுற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். மலையிறங்கி வருவதற்குள் வாடித்தான் போயிருந்தது. ஆனாலும் நீலம் நீலம்தான். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சங்குப்பூ" என்று சொல்லி மாட்டுக்குப் போட்டுவிட்டார். மாடுகூட அதைத் தின்னவில்லை. சங்குப்பூ கொடியில் பூக்கும் என்பது எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். சாட்சியம், ஆதாரம், மறுப்பு எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு நாள் சாவகாசமாகப் போனில் தேடிப் பார்த்தேன். குறிஞ்சி என்பது ஒரே ஒரு செடி இல்லையாம். அது ஒரு பெரிய கூட்டம். சில வகை வருஷா வருஷம் பூக்கும், சிலது ஆறு, ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, பேர் பெற்ற அந்த ஒரு வகை பன்னிரண்டுக்கு ஒருமுறை. பெரும்பாலும் எல்லாமே நீலம். ஆக, மாமா சொன்னதும் பொய்யில்லை, அப்பா படித்ததும் பொய்யில்லை. இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். போனில் எவன் எவனோ எழுதுவான் என்று எழுந்து போய்விட்டார். ஒரே ஒரு தடவை மலையேறிப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம். ஆனால் போய்ப் பார்த்தாலே தோற்ற மாதிரி ஆகிவிடுமே. அதனால் பதினோரு வருடம் அவர் கரியாலூர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் இருப்பது பக்கத்துப் பக்கத்து ஊர். ஒருமுறை அப்பா டவுன் பஸ்ஸில் ஏறி டிக்கெட்டும் வாங்கிய பிறகுதான் மாமா முன் சீட்டில் இருப்பதைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்தார். இன்னொரு முறை ஒரு சாவு வீட்டில் இரண்டு பேரும் ஒரே பாடையின் இரண்டு பக்கமும் தோள் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்பா கிழக்கே பார்த்துக்கொண்டும் மாமா மேற்கே பார்த்துக்கொண்டும் தூக்கினார்கள். செத்தவர் கோணலாகவே சுடுகாடு போய்ச் சேர்ந்தார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, எனக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை. மாப்பிள்ளை இளமாறன், கள்ளக்குறிச்சியில் பைப் கடை வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்திருந்தது, அவருக்கும் பிடித்திருந்தது. ஐப்பசியிலேயே முகூர்த்தம் குறித்துவிட்டார்கள், தீபாவளி முடிந்த ஏழாம் நாள்.

எங்களில் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பெண் மணவறைக்குப் போக முடியும். அந்தத் தாய்மாமனைப் பெண்ணின் அப்பாதான் வெற்றிலை பாக்கு வைத்து, வாயைத் திறந்து கூப்பிட வேண்டும். அம்மா கூப்பிட்டது கணக்கில் வராது, பத்திரிகை கொடுத்ததும் கணக்கில் வராது. மாமா பட்டத்தை வாங்கிவைத்துவிட்டார், புடவையும் எடுத்துவிட்டார். ஆனால் அப்பா வாய் திறந்து கூப்பிடாமல் வரமாட்டேன் என்றார். அப்பாவிடம் சொன்னால், ஜன்னல் வழியாக நாலு ஏக்கர் கரும்பைக் கை காட்டினார். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. சத்தியத்தை மீறினால் செவ்வழுகல் நோய் விழுந்து அத்தனையும் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. வீட்டில் வேறு வருமானமும் கிடையாது.

அம்மா பாப்பாத்தி அழுது பார்த்தாள். பாத்திரங்களை ஓங்கி வைத்துப் பார்த்தாள். கடைசியில் அப்பாவுக்குப் பதிலாக அந்தக் கரும்பைக் கட்டியிருக்கலாம் என்றாள். அதற்கும் அப்பா அசையவில்லை. வேறு யாராவது ஒன்றுவிட்ட மாமனை வைத்துப் பட்டம் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னார். எனக்கு வந்ததே கோபம். காது குத்தும்போது நான் உட்கார்ந்தது தங்கதுரை மாமாவின் மடியில்தான். வலி தாங்காமல் அவர் கையைக் கடித்து வைத்தேன், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் கைதான் எனக்குப் பட்டம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நான் மணவறையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர ராத்தூக்கம் போனது எனக்குத்தான்.

ஆபீசில் ஒரு பத்திரத்தைத் தேதி பார்த்து அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் காலண்டரை நீட்டினேன். சண்டை நடந்து இந்தத் தீபாவளியோடு பன்னிரண்டு வருடம் முடிகிறது. அப்பா கணக்குப்படி பார்த்தாலும் இந்த வருடம் பூக்கும், மாமா கணக்குப்படி பார்த்தாலும் இந்த வருடம் பூக்கும். போய்ப் பார்த்தால் யாரும் யாருக்கும் தோற்றதாக ஆகாது.

அப்பா விரல் விட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார். பிறகு அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. "நான்தான் அப்பவே சொன்னனே, பன்னெண்டுன்னு" என்றார்.

மாமாவுக்குப் போன் போட்டேன். அவருக்கும் ஒரே சந்தோஷம். பூத்துவிட்டதா என்று ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிடுங்கள் மாமா என்றேன். கிழங்கு சீசன் இன்னும் ஆரம்பிக்கவில்லை, மலைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது, ஆனால் பதினோரு வருடமாகப் பார்க்கிற பூ, தப்பாது என்று அடித்துச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதையும் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுகிற பழக்கம் கிடையாது.

தீபாவளிக்கு மறுநாள் அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பத்திரிகை எல்லாம் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். பஸ்ஸில் தாம்பாளம் சரியாமல் இருக்க மூன்று பேரும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு மலையேறினோம். வளைவுக்கு வளைவு அப்பா குறிஞ்சியின் பெருமையைப் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சரிவுக்குப் பக்கத்தில் மாமா வண்டியை நிறுத்திவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். எண்ணெய் தேய்த்துத் தலை வாரியிருந்தார், முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. ஏன் என்று சரிவைப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு பூ இல்லை. சரிவு முழுக்கப் பச்சை. கிட்டப் போய்ப் பார்த்தால் கிளைக்குக் கிளை மொட்டுகள், நெல் அளவில், இறுக மூடிக்கொண்டு.

பாதை ஓரத்தில் அடுப்பு வைத்து மக்காச்சோளம் வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தார் காசியம்மாள் என்கிற மலைக்கார அம்மா. எங்கள் நாலு பேர் முகத்தையும் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல. "இந்த வருசம் மழ லேட்டு. தீபாவளியும் சீக்கிரம் வந்துட்டுது. இது பூக்க இன்னும் பத்து பாஞ்சி நாளு ஆவுங்க" என்றார்.

கல்யாணத்துக்கு இருந்தது ஆறு நாள்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரே ஒரு பூ போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புதருக்குள் இறங்கினார். மாமாவும் இறங்கினார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை, மருதாணிக் கையோடு நானும் இறங்கினேன். அப்பா மேற்கிலிருந்து தேடிக்கொண்டு வர, மாமா கிழக்கிலிருந்து தேடிக்கொண்டு வர, நடுவில் இரண்டு பேரும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து நின்றார்கள். பேசத்தான் கூடாதே. அப்பா இருபதடி தள்ளிப் பாதையில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டு, பாறை ஓரம் வெயில் ஜாஸ்தி, அங்கே பார்க்கச் சொல்லு என்றார். அங்கே பார்த்தாயிற்று என்று சொல்லு அக்கா என்றார் மாமா. அம்மா தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேருக்கும் சத்தமாகச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். காசியம்மாள் சோளத்தை மறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை புதருக்கு அடியில் நீலமாக ஏதோ தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். யாரோ குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர் பாட்டிலின் மூடி.

ஒரு மணி நேரம் தேடியிருப்போம். அப்பாவின் வெள்ளைச் சட்டை கசங்கி அழுக்காகிவிட்டது. அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டாள். என்ன சாட்சியம் டைப் அடித்து என்ன, இரண்டு கணக்கிலும் பூக்க வேண்டிய வருடத்தில் செடி மூன்றாவதாக ஒரு கணக்கு வைத்திருந்தது.

மாமா என் பக்கத்தில் வந்தார். என் முழங்கையில் முள் கீறிய இடத்தைத் துடைத்துவிட்டார்.

"பரவால்ல பாப்பா. நீ வேற யாரையாவது வெச்சிப் பட்டம் கட்டிக்கோ. நான் மண்டபத்துக்கு வெளிய ரோட்டாண்ட நின்னு பாத்துட்டுப் போறேன். தாலி கட்டும்போது மேளம் கேக்கும்ல, அது போதும்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நாலு புதர் தள்ளி நின்ற அப்பாவின் கை ஒரு கிளையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. அவருக்குக் கேட்டுவிட்டது.

அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிடித்திருந்த கிளையைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்தார். நோய் பிடித்த தோகையைப் பார்க்கிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நானும் கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். பச்சை மொட்டு. நுனியில் ஊசிமுனை நீலம்கூட இல்லை. அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நிமிர்ந்து, "பூத்துருக்குது" என்றார்.

காசியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அப்பா புதரை விட்டு வெளியே வந்து, அம்மாவின் மடியிலிருந்த தாம்பாளத்தை எடுத்து, துண்டை விலக்கி, இரண்டு கையாலும் மாமாவிடம் நீட்டினார்.

"மச்சான், என் பொண்ணுக்குக் கல்யாணம். நீ வந்துதான் பட்டம் கட்டணும்."

மாமா தாம்பாளத்தை வாங்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கக் கை இல்லை. தோளில் தேய்த்துக்கொண்டார். எனக்கும் நிற்கவில்லை, அம்மாவுக்கும் நிற்கவில்லை. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புதரை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"மாமா, அது மொட்டு."

"பூவு."

"மொட்டு மாமா. நான் பதினோரு வருஷமா பாத்துக்கினு இருக்கேன்."

"உனுக்குக் கெழங்கத் தவுர வேற இன்னா தெரியும்?"

மறுபடியும் சண்டையா என்று அம்மா எழுந்தே விட்டாள். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மொட்டுக்கும் பூவுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்பா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு போனார். மாமா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். பேசிக்கொண்டே வண்டிக்குப் போனார்கள், பேசிக்கொண்டே அப்பா முன்சீட்டில் ஏறினார், பேசிக்கொண்டே மாமா வண்டியைக் கிளப்பினார். வளைவு திரும்பும் வரைக்கும் அப்பாவின் சத்தம் கேட்டது. கல்யாணப் பெண்ணையும் அவள் அம்மாவையும் மலையிலேயே விட்டுவிட்டுப் போகிறோம் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் ஞாபகமே இல்லை.

"வூடு போய் சேர்ற வரைக்கும் ஞாபகம் வராது" என்றாள் அம்மா. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. காசியம்மாள் ஆளுக்கொரு சோளக்கதிரை எடுத்துக் கொடுத்தார். கல்யாணச் சோளம் என்று சொல்லி விலை வாங்க மறுத்துவிட்டார்.

அம்மா கதிரைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, வண்டி போன பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாலு ஏக்கர் கரும்பு மேல சத்தியம் பண்ணிட்டு, உங்கப்பா பொய் சொல்லிட்டாரு பாத்தியாடி."

இருபத்தைந்து வருடத்தில் அம்மா அப்பாவைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.